பெல்லட் அடுப்பு புகைகிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்!



இந்த மாதப் பாடம் பெல்லட் அடுப்பைப் பற்றியது. இட்லிக் கடை, பலகாரம், சத்துமாவு என்று தொழில் செய்யும் நம் உறுப்பினர்கள் சிலர் குழுவில் கடன் எடுத்து, ஃபேன் வைத்த பெல்லட் அடுப்பு வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய புதிதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். புகை இல்லை, பாத்திரம் கரி பிடிப்பதில்லை, கேஸ் போல எரிகிறது என்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அடுப்பு மூலையில் கிடக்கும். "ஒரே புகையா வருது, ரிப்பேராயிருச்சு" என்று பதில் வரும். பழையபடி விறகு அடுப்பை ஊதிக் கொண்டிருப்பார்கள். கடன் தவணை மட்டும் மாதாமாதம் போய்க் கொண்டிருக்கும்.

நான் பார்த்த வரையில் அப்படி மூலையில் கிடக்கும் அடுப்புகளில் பெரும்பாலானவை கெட்டுப் போனவை அல்ல. காற்று அடைபட்டிருக்கும், இல்லையென்றால் பெல்லட் ஈரமாகியிருக்கும். இந்த இரண்டையும் நாமே சரி செய்து கொள்ளலாம். அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி போதும்.

இந்த அடுப்பு நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் உருவாக்கிய 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பு 2006ல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் கிராமப் பெண்களே அதை வீடு வீடாக விற்றார்கள். பிறகு பெல்லட் விலை ஏறியது, வரத்தும் குறைந்தது. நல்ல நிலையில் இருந்த அடுப்புகள் கூட பரணுக்குப் போயின. அதனால் அடுப்பு வாங்கும் முன்பே "பெல்லட் எங்கே கிடைக்கும், வருஷம் முழுக்கக் கிடைக்குமா?" என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

அடுப்பு எப்படி எரிகிறது?

இது புரிந்து விட்டால் ரிப்பேர் பாதி முடிந்த மாதிரி.

பெல்லட் என்பது மரத்தூள், கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்றவற்றை மிஷினில் அழுத்திச் செய்த சின்னக் குச்சி. விரல் தடிமனை விடக் குறைவாகவே இருக்கும். அடுப்புக்குள் ஒரு உள்சட்டி இருக்கிறது. அதன் அடியில் ஓட்டை போட்ட சல்லடைத் தட்டு. சட்டியின் மேல் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு வரிசை ஓட்டைகள். எல்லாவற்றுக்கும் கீழே, கம்ப்யூட்டருக்குள் இருப்பது போன்ற ஒரு சின்ன ஃபேன்.

நாம் விறகு அடுப்பில் அடியில் தீ வைப்போம். இதில் மேலே தீ வைக்கிறோம். மேல் வரிசைப் பெல்லட் பற்றியதும் அந்தச் சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சூடுபட்ட பெல்லட்டிலிருந்து ஒரு வாயு கிளம்பும். விறகு அடுப்பில் நம் கண்ணைக் கரிக்கிற அதே புகைதான் அது. இந்த அடுப்பில் ஃபேன் தள்ளும் காற்று இரண்டாகப் பிரிகிறது. கொஞ்சம் சல்லடைத் தட்டு வழியாகக் கீழிருந்து வந்து பெல்லட்டை எரிய வைக்கிறது. மீதிக் காற்று மேல் ஓட்டைகள் வழியாக வந்து, கிளம்பிய புகையையே எரித்து விடுகிறது. நாம் பார்க்கிற தழல் பெரும்பாலும் பெல்லட்டின் தழல் அல்ல, புகை எரிகிற தழல்!

அதனால்தான் மேல் ஓட்டைகள் அடைபட்டால் புகை எரியாமல் அப்படியே வீட்டுக்குள் வருகிறது. கீழ்த் தட்டு அடைபட்டால் தீ சோம்பிப் போய், அரிசி வேக ஒரு மணி நேரம் ஆகிறது. ஃபேன் இழுக்கும் வழியே அடைபட்டால் இரண்டும் நடக்கும்.

ஒரு இட்லிக் கடை அனுபவம்

நம் உறுப்பினர் ஒருவர் காலையில் இட்லி வியாபாரம் செய்கிறார். அவருடைய அடுப்பு புகைய ஆரம்பித்ததும் டவுனுக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் "மோட்டார் போச்சு" என்று சொல்லி, ஃபேனை மாற்றி எண்ணூறு ரூபாய் வாங்கி விட்டார். அங்கே மேஜை மேல் வைத்துப் பற்ற வைத்தபோது நன்றாக எரிந்ததாம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி புகை.

"அக்கா, அடுப்ப எங்க வச்சு எரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"தரை சூடாவுதுன்னு சாக்கு மடிச்சு அதுக்கு மேல வச்சிருக்கேன் மேடம்."

அந்த அடுப்புக்குக் காற்று போகும் வழி அடிப்பக்கம் இருக்கிறது. சாக்கு அதை முழுசாக மூடியிருந்தது. இரண்டு செங்கலை இடைவெளி விட்டு வைத்து, அதன் மேல் அடுப்பை ஏற்றினோம். அவ்வளவுதான். சாக்கைத் தூர எடுத்து வைக்கச் சொன்னேன், தீப்பொறி பட்டால் அதுவே ஆபத்து. "இதுக்கா எண்ணூறு ரூபா குடுத்தேன்!" என்று அந்த அக்கா தலையில் அடித்துக் கொண்டார். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் காற்றைப் பார்க்கவில்லை. நம் கையில் ஒரு சோதனை இருந்தால் யார் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

காகிதச் சோதனை, ஊதுபத்திச் சோதனை

அடுப்பு ஆறியிருக்க வேண்டும், காலியாக இருக்க வேண்டும். ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து அடுப்பின் வாய்க்கு மேல் பிடியுங்கள். படபடவென்று மேலே துடிக்க வேண்டும். அதே துண்டை ஃபேன் காற்று இழுக்கும் வழியில் பிடித்தால் அது உள்பக்கம் இழுபட்டு ஒட்ட வேண்டும். மேலே துடிக்கவில்லை, ஆனால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது என்றால் நடுவில் எங்கோ அடைப்பு. சத்தமே இல்லை என்றால்தான் ஃபேன் பக்கம் போக வேண்டும்.

பிறகு ஒரு ஊதுபத்தியை ஏற்றி, மேல் ஓட்டைகள் ஒவ்வொன்றுக்கும் நேராகக் கொண்டு போங்கள். நல்ல ஓட்டையாக இருந்தால் புகையைச் சட்டியின் நடுப்பக்கம் தள்ளும். எந்த ஓட்டைக்கு எதிரே புகை சும்மா நேராக மேலே போகிறதோ, அது அடைப்பு. போக்ஸ் கம்பியை உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பி எடுங்கள். தார் போலக் கறுப்பாக ஒட்டியிருக்கும். ஆணி வைத்து அடித்து ஓட்டையைப் பெரிசாக்கி விடாதீர்கள். ஓட்டையின் அளவு மாறினால் தழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரியும்.

தினமும் சமையல் செய்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். சல்லடைத் தட்டைத் தினமும் தட்டிவிட வேண்டும். ஃபேன் பக்கத்தை மாதத்துக்கு ஒரு முறை திறந்து பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். மாவு அரைக்கும் இடத்திலும் வடை சுடும் இடத்திலும் இருக்கிற அடுப்புகளில் மாவுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் அடை போலப் படிந்து விடும். கரப்பான் பூச்சிக்கும் அந்த வெதுவெதுப்பு ரொம்பப் பிடிக்கும். குடும்பத்தோடு குடியிருக்கும்!

பெல்லட் நல்லதா என்று பார்ப்பது

ஒரு பெல்லட்டை எடுத்து இரண்டு கையாலும் ஒடியுங்கள். 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தாலோ, விரலில் மாவாக உதிர்ந்தாலோ ஈரம் ஏறியிருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நன்றாக அழுத்திய பெல்லட் உடனே அடியில் போகும். மிதந்தால் சரியாக அழுத்தவில்லை. அது சீக்கிரம் எரிந்து தீர்ந்து விடும். வாங்கும்போதே மூட்டைக்காரர் முன்னால் இதைச் செய்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கத்தரிக்காய் வாங்கும்போது அமுக்கிப் பார்க்கிறோம் அல்லவா?

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் புகை புகார் அதிகம் வருகிறது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், சுவரில் சாய்க்காதீர்கள். பிரித்த மூட்டையை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வைப்பது இன்னும் நல்லது. லேசாக ஈரம் பட்டதை வெயிலில் காய வைத்து எடுக்கலாம். ஊறிப் பொங்கிப் பொடியானதைக் காப்பாற்ற முடியாது.

மூட்டையின் அடியில் தங்கும் தூளைச் சலித்து எடுத்து விடுங்கள். "வீணாப் போகுதே" என்று அதையும் அடுப்பில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூள்தான் சல்லடைத் தட்டை அடைக்கும். அதை எருக்குழியில் போடலாம்.

நெல் உமியில் செய்த பெல்லட் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் உமியில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சாம்பல். மரத்தூளில் சாம்பல் மிகக் குறைவு. உமிப் பெல்லட் எரிக்கும்போது ஒவ்வொரு முறையும் சாம்பலைத் தட்டியே ஆக வேண்டும். சில சமயம் சாம்பல் உருகி, கண்ணாடி போலக் கட்டியாகத் தட்டில் ஒட்டிக் கொள்ளும். ஆறிய பிறகு மரக்கட்டையால் தட்டி எடுங்கள்.

பற்ற வைக்கும்போது செய்யும் தவறுகள்

வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை பிடிக்கும், ஒரு மணி நேரம் பக்கமாக எரியும். மேல் ஓட்டைகளுக்கு இரண்டு விரல் கீழே வரை மட்டும் நிரப்புங்கள். ஓட்டையை மூடி நிரப்பினால் புகை நிச்சயம்.

மேலே கொஞ்சம் பன்னாடை, தேங்காய் நார், உடைத்த சிரட்டை வைத்துப் பற்ற வையுங்கள். அப்போது ஃபேன் வேண்டாம். மேல் பெல்லட் பரவலாகப் பிடித்த பிறகு குறைந்த வேகத்தில் ஃபேன் போட்டு, மெல்ல ஏற்றுங்கள். எடுத்தவுடன் முழு வேகம் வைத்தால் தீ அணைந்து புகை மண்டும். எரியும்போது குச்சியால் கிளறாதீர்கள். இது விறகு அடுப்புப் பழக்கம், விட முடியாமல்தான் இருக்கும். பக்கவாட்டில் பெல்லட் போடும் வழி உள்ள பெரிய அடுப்பைத் தவிர, மற்றதில் நடுவில் மேலே கொட்டவும் கூடாது.

நடுவில் தழல் அணைந்து வெள்ளைப் புகை மட்டும் கிளம்பினால், முகத்தைக் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். எரியாத வாயு தேங்கியிருக்கும், நெருப்பு பட்டால் குபீரென்று பிடிக்கும். முந்தானையைச் செருகிக் கொண்டு, தள்ளி நின்று, நீளமான குச்சியில் தீ எடுத்து வாயருகே காட்டுங்கள். சூடான அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஃபேன் சுற்றவில்லை என்றால்

பிளக்கைப் பிடுங்கி விட்டு ஆரம்பியுங்கள். ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் அழுக்கைத் துடைத்து, நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் போல இறுகி விடும்.

இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்டில் ஓடவில்லை என்றால் ஒயர் இணைப்புகளைப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம், சூட்டில் உருகியிருக்கலாம். அதே வோல்ட் உள்ள வேறொரு அடாப்டரைப் போட்டுப் பார்த்தால் குற்றம் அடாப்டரிலா ஃபேனிலா என்று தெரிந்து விடும். பக்கத்து வீட்டு அடுப்பின் அடாப்டரையே ஐந்து நிமிடம் இரவல் வாங்கலாம். நேரடி 230 வோல்ட் கரண்டில் ஓடும் பெரிய கடை அடுப்பாக இருந்தால் உள்ளே கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புது ஃபேன் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வோல்ட், ஆம்பியர், நீள அகலம் மூன்றும் பொருந்த வேண்டும். ஃபேனின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக் குறி இருக்கும். அது உள்சட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சட்டிக்குள் இருந்து சூட்டைக் கீழே இழுத்து, ஃபேன் ஒரே நாளில் உருகிப் போகும். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் மாறினால் ஓடவே ஓடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சமையல் முடிந்ததும் ஃபேனை உடனே நிறுத்தி விடுகிறோம். சட்டிக்குள் தணல் இருக்கும்போது ஃபேன் நின்றால் அந்தச் சூடு கீழே இறங்கி ஃபேனைத்தான் வாட்டும். தணல் தணியும் வரை குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். கரண்ட் போகும் ஊர்களில் பேட்டரி வைத்த அடுப்பு நல்லது. அந்தப் பேட்டரியைச் சும்மா கிடந்தாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

தட்டு ஓட்டையானால், சட்டி விரிந்தால்

சல்லடைத் தட்டு காலப்போக்கில் அரித்துப் போகும். இது தேய்மானம், யார் குற்றமும் இல்லை. பழைய தட்டை வெல்டிங் பட்டறையில் காட்டி அதே அளவில் செய்து வாங்கலாம். "ஓட்டையைக் கொஞ்சம் பெருசாப் போட்டா காத்து நல்லா வரும்" என்று பட்டறைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தணல் ஓட்டை வழியாக விழுந்து ஃபேன் மேலேயே எரியும்.

பீங்கான் சட்டியில் மயிரிழை போல விரிசல் வருவது சகஜம். விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிந்தால் ஹார்டுவேர் கடையில் ஃபயர் கிளே என்று கேட்டு வாங்கி, குழைத்துப் பூசுங்கள். இரண்டு நாள் நிழலில் காய விட்டு, முதல் தடவை சின்னத் தீ மட்டும் போடுங்கள். வீடு கட்டும் சிமெண்டைப் பூசினால் அந்தச் சூட்டுக்குத் தாங்காமல் உதிர்ந்து விடும். அடுப்பு சூடாக இருக்கும்போது தண்ணீர் தெளிப்பதுதான் விரிசலுக்குப் பெரிய காரணம்.

தணல் ஒரு எச்சரிக்கை

எரிந்து முடியும் நேரத்தில் தழல் சின்னதாகி நீல நிறமாக மாறும். பெல்லட் கரியாகி விட்டது என்று அர்த்தம். இந்தக் கரித் தணலில் புகை இருக்காது, வாடையும் இருக்காது. ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். குளிருக்கு என்றோ, பிள்ளை பெற்ற வீட்டில் வெதுவெதுப்புக்கு என்றோ தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கக் கூடாது. தலைவலி, மயக்கம் வந்து, தூக்கத்திலேயே உயிர் போய் விடும். மிச்சத் தணலை வெளியே கொண்டு போய் மண்ணைப் போட்டு மூடுங்கள். சாம்பலை முழுசாக ஆறாமல் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பையிலோ கொட்டாதீர்கள், உள்ளே கங்கு ஒளிந்திருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி சூடு இருக்கிறது, ஒரு கிலோ பெல்லட்டில் சுமார் 4,000. கேஸ் அடுப்பை விடப் பெல்லட் அடுப்பில் வீணாகும் சூடும் அதிகம். அதையும் கழித்தால், 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் செய்யும் வேலைக்கு 65 கிலோ பெல்லட் வரை தேவைப்படும். 19 கிலோ கடைச் சிலிண்டருக்கு 90 கிலோ பக்கம் வரும். உங்கள் ஊரில் பெல்லட் என்ன விலை என்று போட்டு, வண்டி வாடகையையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்.

என் கருத்து இது: வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்றால், கேஸ் இணைப்பு உள்ளவர்கள் கடன் வாங்கி இந்த அடுப்பை வாங்க அவசரப்பட வேண்டாம். மிச்சம் பெரிசாக இருக்காது. கடை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டுச் சிலிண்டரைக் கடையில் பயன்படுத்த அனுமதி இல்லை, கடைச் சிலிண்டர் விலை அதிகம். அவர்களுக்குப் பெல்லட் கட்டுப்படியாகலாம். அப்போதும் முதலில் ஒரு மூட்டை வாங்கி, அடுப்பு வைத்திருக்கும் உறுப்பினர் வீட்டில் ஒரு நாள் வேலையைச் செய்து பார்த்து விட்டு முடிவெடுங்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேச

நம் குழுவில் எத்தனை பேரிடம் பெல்லட் அடுப்பு இருக்கிறது, எத்தனை ஓடுகிறது? ஓடாததைக் கூட்டத்துக்கே கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் காகிதச் சோதனை செய்து பாருங்கள்.

பெல்லட்டைத் தனித்தனியாக வாங்குகிறோமா, சேர்ந்து வாங்கி வண்டி வாடகையைப் பகிர முடியுமா? மழைக்காலத்தில் நனையாமல் வைக்க யார் வீட்டில் இடம் இருக்கிறது?

ஊராட்சிக்கு ஒரு உபரி ஃபேனும் ஒரு அடாப்டரும் பொதுவில் வாங்கி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. சம்மதிக்கும் குழுக்கள், தங்கள் அடுப்பு ஃபேனின் வோல்ட், ஆம்பியர், நீள அகலத்தைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்கள்.